தசைச் சிதைவால் சிறுநீரகம் பழுதடைந்தால்: எந்த மருந்து, எவ்வளவு, எதுவரை?

தசை சிதைந்து (ராப்டோமயோலைசிஸ்) அதனால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடைந்தவருக்கு என்ன மருந்து கொடுக்க வேண்டும், காரத்தன்மையுள்ள பைகார்பனேட்டும் சிறுநீரை ஓட்டும் மானிட்டாலும் கட்டாயமா, ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும் சிகே அளவை இறக்க மருந்து உண்டா என்பது கேள்வி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிகே அளவை இறக்கும் மருந்து எதுவும் இல்லை, தேவையும் இல்லை. சிகே (கிரியேட்டின் கைனேஸ்) என்பது தசைக்குள் இருக்கவேண்டிய நொதி. தசை உடைந்ததால் ரத்தத்துக்கு வந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, எவ்வளவு தசை போயிற்று என்று காட்டுகிறது, அவ்வளவுதான். சிறுநீரகத்தைக் காப்பாற்ற எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே மருந்து, நேரத்தோடு ஏற்றப்படும் சலைன். பைகார்பனேட்டும் மானிட்டாலும் சிலருக்கு மட்டும்தான், அதுவும் நிபந்தனைகளோடு. முதல் இரண்டு நாளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பொட்டாசியம் என்பதால், சிறுநீரகத்துக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்பே ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கீழே வரும் அளவுகள் பெரியவர்களுக்கானவை. மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் கொடுப்பவை. வீட்டில் தண்ணீர் குடித்துச் சமாளிக்கும் நோயல்ல இது.

உள்ளே என்ன நடக்கிறது

இடிபாட்டில் சிக்கி நசுங்கிய கால், நிற்காத வலிப்பு, வெப்பத் தாக்கு, மயங்கி ஒரே பக்கமாக மணிக்கணக்கில் கிடந்த உடம்பு, பாம்பு விஷம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, உடற்பழக்கம் இல்லாதவர் ஒரே நாளில் செய்த கடும் பயிற்சி என்று காரணம் எதுவானாலும் தசைச் செல்லின் சவ்வு கிழிகிறது. உள்ளே இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலத்துக்கான மூலப்பொருள், மயோகுளோபின் எல்லாம் ரத்தத்துக்கு வருகின்றன. வெளியே இருந்த நீரும் சோடியமும் கால்சியமும் அடிபட்ட தசைக்குள் போகின்றன. பெரிய அளவில் நசுங்கிய ஒருவருக்கு இப்படித் தசைக்குள் தேங்கும் நீர் 10 லிட்டரையும் தாண்டலாம். ஒரு துளி ரத்தம் வெளியே சிந்தாமலே ரத்த ஓட்டத்தில் நீர் வற்றிவிடுகிறது.

மயோகுளோபின் சிறிய புரதம். வடிகட்டியைத் தாண்டிச் சிறுநீரகக் குழாய்களுக்குள் எளிதாகப் புகுந்துவிடும். அங்கே அது மூன்று வேலை செய்கிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துக்கொள்வதால் அவை சுருங்குகின்றன. அதிலுள்ள இரும்பு, குழாய்ச் செல்களின் கொழுப்புச் சவ்வை ஆக்சிஜனேற்றம் செய்து எரிக்கிறது. குழாய் சுரக்கும் யூரோமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. இந்த மூன்றாவது வேலைக்கு இரண்டு நிலைமைகள் தோது: சிறுநீர் குறைவாக ஓடுவது, சிறுநீர் அமிலமாக இருப்பது. சிகிச்சை முழுவதும் இந்த இரண்டைச் சுற்றியே எழுந்தது.

சிறுநீர் தேநீர் அல்லது கோலா நிறத்தில் வரும். சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை அதில் நனைத்தால் ரத்தம் என்று பளிச்செனப் பச்சை காட்டும். ஆனால் அதே சிறுநீரைச் சுழற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு ஐந்துகூட இருக்காது. பட்டை உணர்வது ஹீம் என்ற பகுதியை. அது ஹீமோகுளோபினிலும் உண்டு, மயோகுளோபினிலும் உண்டு. பட்டையும் நுண்ணோக்கியும் இப்படி முரண்பட்டால் சிகே அனுப்ப வேண்டும். பட்டை எதுவும் காட்டாததால் இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மயோகுளோபின் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும், சிகே நாள்கணக்கில் நிற்கும். சிகே உச்சத்தைத் தொட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும்; பிறகு நாளுக்கு ஏறத்தாழ 40 சதவீதம் இறங்கும். அப்படி இறங்காமல் அப்படியே நின்றாலோ மறுபடி ஏறினாலோ, எங்கோ தசை இன்னும் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இறுகிப் போன காலையும் கையையும் மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நொதிகள் இரண்டும் தசையிலும் உண்டு. எஸ்ஜிஓடி எகிறி, பிலிருபின் சரியாக இருந்தால், கல்லீரல் நோய் என்று நினைத்து அந்த வழியில் போய் ஒரு நாளை இழப்பதற்குள் சிகே பார்த்துவிடுவது நல்லது.

சலைன்: அளவைவிட நேரம் முக்கியம்

1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்கள் முதலில் தேறிவிட்டதுபோல் இருந்து, சில நாள்களில் சிறுநீர் நின்று இறந்ததை பைவாட்டர்ஸும் பீலும் எழுதினார்கள். 1984-இல் வெளியான இன்னொரு சிறு ஆய்வு, இடிந்த கட்டடத்தில் சிக்கிய ஏழு பேரைப் பற்றியது. மீட்கும்போதே திரவம் ஏற்றத் தொடங்கியதால் ஏழு பேரில் ஒருவருக்கும் சிறுநீரகம் செயலிழக்கவில்லை. ஏழு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் இடிபாட்டில் சிக்கியவருக்குச் சிகிச்சை ஆம்புலன்ஸில் அல்ல, இடிபாட்டுக்குள்ளேயே தொடங்க வேண்டும் என்ற கொள்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

நசுங்கியவருக்கு, ஒரு கையாவது எட்டினால் போதும், தூக்குவதற்கு முன்பே 0.9 சதவீத சலைனை மணிக்கு 1 லிட்டர் வேகத்தில் தொடங்க வேண்டும். குழந்தைக்குக் கிலோவுக்கு மணிக்கு 15 முதல் 20 மி.லி. இரண்டு மணி நேரம் ஆகியும் மீட்க முடியவில்லை என்றால் வேகத்தைப் பாதியாகவாவது குறைக்க வேண்டும். சுமையைத் தூக்கிய கணத்தில், அதுவரை அங்கே அடைபட்டிருந்த பொட்டாசியமும் அமிலமும் ஒரேயடியாக இதயத்துக்கு வரும். அதற்கு முன் உடம்பில் நீர் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

மருத்துவமனைக்கு வந்தவருக்கு, நீர் வற்றியிருந்தால் முதலில் 1 முதல் 2 லிட்டர் வேகமாக. பிறகு மணிக்கு 400 மி.லி. அளவில் தொடங்கி, சிறுநீரைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறி, மணிக்கு 200 முதல் 300 மி.லி. சிறுநீர். சிறுநீர்க் குழாய் போடாமல் இதைச் செய்ய முடியாது. மணிக்கொரு முறை அளந்து எழுதும் செவிலியர்தான் இங்கே உண்மையான கண்காணிப்புக் கருவி. வயதானவருக்கும் இதய பலவீனம் உள்ளவருக்கும் 250 மி.லி., 500 மி.லி. என்று சிறு சிறு பகுதியாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் நுரையீரலைக் கேட்டு, ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் நடக்கும் இடம் அடுத்தது. நீர்ப்பற்றாக்குறை சரியாகிவிட்டது, ரத்த அழுத்தமும் நன்றாக இருக்கிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை. அப்போது சிறுநீரகம் ஏற்கெனவே நின்றுவிட்டது. இன்னும் நாலு லிட்டர் ஏற்றினால் அது திரும்பாது, நுரையீரல்தான் நிரம்பும். அந்த நிலையில் திரவத்தை, வெளியே போன அளவோடு நாளுக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை என்று சுருக்கிவிட வேண்டும். “தசைச் சிதைவு, ஆகவே நாளுக்கு 10 லிட்டர்” என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காமல் போவது உயிரை வாங்கும் எழுத்து.

சலைனா, பல உப்புகள் கலந்த ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்பா என்பது பழைய தகராறு. ரிங்கரில் லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருப்பதால் நசுங்கியவர்களுக்கு, குறிப்பாகப் பரிசோதனை வசதி இல்லாத களத்தில், அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். அந்தக் களத்துக்கு அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் சலைனிலும் தொல்லை உண்டு. அதில் குளோரைடு 154, ரத்தத்தில் 100-ஐ ஒட்டி. லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தம் அமிலமாகும். அமிலம் பொட்டாசியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும். ரத்தத்தில் பொட்டாசியம் 6.5 இருக்கும்போது 4 உள்ள திரவம் அதை ஏற்றாது என்பது கணக்கு. இரண்டு மணிக்கொரு முறை பொட்டாசியம் பார்க்கும் வசதி உள்ள பிரிவில், சலைனில் தொடங்கி, ரத்தப் பைகார்பனேட் இறங்கத் தொடங்கினால் ரிங்கருக்கு மாறுவதில் தவறில்லை என்பது என் கருத்து. ஸ்டார்ச் கலந்த திரவங்களை எந்த நிலையிலும் தொடக்கூடாது. அவையே சிறுநீரகத்தைக் கெடுப்பவை.

எதுவரை ஏற்றுவது? சிகே 5000-க்குக் கீழே வந்து தொடர்ந்து இறங்குவதும், சிறுநீர் நிறம் தெளிவதும் போதுமான அடையாளம். சிகே முழுக்கச் சரியாகும்வரை டிரிப் ஓட வேண்டியதில்லை.

பைகார்பனேட்

சிறுநீர் அமிலமாக இருந்தால்தானே மயோகுளோபின் கெட்டியாகிறது, ஆகவே காரமாக்கிவிடலாம் என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. விலங்குகளில் வேலையும் செய்கிறது. மனிதர்களில், சலைனை மட்டும் நன்றாக ஏற்றியவர்களைவிட, பைகார்பனேட்டும் மானிட்டாலும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. 2004-இல் வெளியான ஒரு ஆய்வில், காயம்பட்டுத் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களில் சிகே 5000-ஐத் தாண்டிய 382 பேரைப் பார்த்தார்கள். 154 பேருக்கு இந்தக் கலவை கொடுக்கப்பட்டிருந்தது. சிறுநீரகம் செயலிழந்தது கொடுத்தவர்களில் 22 சதவீதம், கொடுக்காதவர்களில் 18 சதவீதம். டயாலிசிஸ் தேவைப்பட்டது முறையே 7, 6 சதவீதம். பழைய குறிப்பேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு என்பதால் அதற்குரிய குறைகள் உண்டு. ஆனாலும் எல்லாருக்கும் கட்டாயம் என்று சொல்ல இடமில்லை.

அப்படியானால் யாருக்கு? சிகே 5000-க்கு மேல் இருந்து, ரத்தமும் அமிலமாகி, சிறுநீர் வந்துகொண்டிருப்பவருக்கு. அயனிக் கால்சியம் (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் கால்சியம்) கடுமையாகக் குறைந்திருக்கக் கூடாது, ரத்தத்தின் பிஹெச் 7.5-க்கு மேலே இருக்கக் கூடாது.

கலப்பதில் தவறு நடப்பது சாதாரணம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 1 லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலிலிருந்து 150 மி.லி. எடுத்துவிட்டு, 8.4 சதவீத பைகார்பனேட் 150 மி.லி. சேர்த்தால் லிட்டரில் 150 மில்லி ஈக்விவலன்ட் சோடியம் இருக்கும். ரத்தத்துக்கு ஏறத்தாழ ஒத்த அளவு. கையில் இருப்பது 7.5 சதவீத ஊசி என்றால் 1 மி.லி.யில் 0.9 மில்லி ஈக்விவலன்ட்தான் உண்டு. அதனால் 168 மி.லி. தேவை. இதையே 0.9 சதவீத சலைன் பாட்டிலில் சேர்த்துவிட்டால், அதில் ஏற்கெனவே 154 இருப்பதால், சோடியம் ரத்தத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உள்ள கரைசல் நோயாளிக்குள் போகும். அவசரத்தில் கைக்கு எட்டிய பாட்டிலை எடுக்கும்போது நடக்கும் விபத்து இது. லேபிளைப் படித்துவிட்டே ஊசியைக் குத்த வேண்டும். 0.45 சதவீத சலைன் என்றால் 75 மில்லி ஈக்விவலன்ட் போதும்.

மணிக்கு 200 மி.லி. வேகத்தில் தொடங்கி, சிறுநீரின் பிஹெச் 6.5-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, நாலு மணி நேரத்தில் தாண்டவில்லை என்றால் அந்த மருந்தால் இனிப் பயனில்லை, நிறுத்திவிடலாம். ரத்தப் பைகார்பனேட் 30-ஐத் தாண்டினாலும், விரல் இழுப்பு, வாயைச் சுற்றி மரமரப்பு, ஈசிஜியில் கியூடி நீட்சி வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். ரத்தம் காரமாகும்போது கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே கால்சியம் தசைக்குள் போய்க் குறைந்திருக்கும் நோயாளிக்கு அது வலிப்பு வரை கொண்டுபோகும். கால்சியம் ஊசியையும் பைகார்பனேட்டையும் ஒரே குழாயில் விட்டால் வெள்ளையாகப் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். வேறு கையில் வேறு குழாய் வேண்டும்.

மானிட்டால், ஃப்ரூஸமைட்

மானிட்டால் சிறுநீரை ஓட்டும், வீங்கிய தசையிலிருந்து நீரை இழுக்கும் என்று தருகிறார்கள். சிறுநீர் வராதவருக்கு அது போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கி, செல்களிலிருந்து நீரை இழுத்து, இதயத்தைத் திணறடிக்கும். எனவே முதலில் சோதனை அளவு: 20 சதவீத மானிட்டால் 60 மி.லி. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில். சிறுநீர் முன்பைவிட மணிக்கு 30 முதல் 50 மி.லி.யாவது கூடினால் மட்டும் தொடர வேண்டும், நாளுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம், மணிக்கு 5 கிராம் வேகத்தில். நாளுக்கு 200 கிராமைத் தாண்டினால் மானிட்டாலே சிறுநீரகக் குழாய்ச் செல்களை வீங்கவைத்துச் செயலிழக்கச் செய்யும். ஆஸ்மோலால் இடைவெளி (ரத்தத்தின் அடர்த்தியில் அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம்) 55-ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். குளிர்ந்த இடத்தில் வைத்த பாட்டிலில் அடியில் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும். வெந்நீரில் வைத்துக் கரைத்து, உடம்புச் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டியுள்ள குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

சிறுநீரைப் பிரித்து வெளியேற்றும் மருந்தான ஃப்ரூஸமைட் சிறுநீரகத்தைக் காப்பாற்றாது. நுரையீரலில் நீர் கோத்தால் கொடுக்கலாம், அதற்கு மட்டும்தான். அது சிறுநீரை அமிலமாக்கும், கால்சியத்தையும் வெளியேற்றும். சிறுநீர் வரட்டுமே என்று நீர் வற்றியவருக்கு ஃப்ரூஸமைட் போடுவது தீங்கு மட்டுமே. சிறு அளவு டோப்பமினுக்கும் இங்கே வேலை இல்லை.

பொட்டாசியம்: நிமிடக்கணக்கு

ஒரு கிலோ தசையில் 100 மில்லிமோலை ஒட்டிப் பொட்டாசியம் இருக்கிறது. செல்களுக்கு வெளியே உடம்பு முழுவதும் இருப்பதோ 60-ஐ ஒட்டித்தான். ஒரு தொடை நசுங்கினால் என்னவாகும் என்று இதிலிருந்தே தெரியும். சிறுநீரகம் கெடுவதற்கு முன்பேகூட இது ஏறிவிடும். கிரியேட்டினின் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம்.

ஈசிஜியில் கூரிய டி அலை, மறைந்துபோன பி அலை, அகன்ற கியூஆர்எஸ் தெரிந்தால் ஆய்வகத் தாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., மானிட்டரைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில். சில நிமிடத்தில் அலை சீராகவில்லை என்றால் மறுபடி 10 மி.லி.; பலருக்கு 30 மி.லி. வரை தேவைப்படும். அது பொட்டாசியத்தை ஒரு துளிகூட இறக்காது. இதயத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரக் காவல், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் அடுத்தது நடந்தாக வேண்டும்.

ரெகுலர் இன்சுலின் 10 யூனிட் சிரை (ரத்த நாளம்) வழியாக, கூடவே 25 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது 50 சதவீதம் என்றால் 50 மி.லி., 25 சதவீதம் என்றால் 100 மி.லி. ரத்தச் சர்க்கரை 250-க்கு மேல் இருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம். சிறுநீரகம் நின்றவரிடம் இன்சுலின் நீண்ட நேரம் தங்கும். ஆறு மணி நேரம் வரை மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்காவிட்டால் பொட்டாசியத்திலிருந்து காப்பாற்றியவரைச் சர்க்கரைக் குறைவில் இழக்க நேரும். மெலிந்தவர், முதியவர், முன்பே சர்க்கரை குறைவாக இருப்பவர் ஆகியோருக்கு 5 யூனிட் போதும். சால்பியூட்டமால் நெபுலைசரில் 10 முதல் 20 மி.கி.; இது ஆஸ்துமாவுக்கு வைக்கும் 2.5 மி.கி.யைப் போல நாலு மடங்கு முதல் எட்டு மடங்கு. ஒரே ஒரு குப்பி வைத்துவிட்டு இறங்கவில்லையே என்று சொல்வதில் பயனில்லை. மாரடைப்பு உள்ளவருக்கு யோசித்துத் தர வேண்டும்.

இந்த நோயில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இன்சுலினும் சால்பியூட்டமாலும் பொட்டாசியத்தைத் தள்ளிவைக்கும் இடமே தசைதான். அந்தத் தசையே உடைந்திருக்கும்போது, உள்ளே போனது கொஞ்சம், மறுபடி வெளியே கசிவது நிறைய என்றாகிவிடும். எனவே இறங்கிவிட்டதே என்று நிம்மதியாகக் கூடாது. முதல் நாளில் இரண்டு முதல் நாலு மணிக்கொரு முறை அளக்க வேண்டும். குடலில் பிடித்து வெளியேற்றும் மருந்துகளில் சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட் 10 கிராம் நாளுக்கு மூன்று வேளை, 48 மணி நேரம் வரை, துணைக்கு மட்டும். பழைய பாலிஸ்டைரின் பொடி மெதுவானது. குடலே அழுகிப்போன நிகழ்வுகள் உண்டு என்பதால், மலம் கழிக்காதவருக்கும் அறுவை முடிந்தவருக்கும் கூடவே கூடாது. 6.5-க்கு மேல் நின்று, மருந்துக்கு இறங்காமல் இருந்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போடக் கூடாது.

மூச்சுக்குழாய் போட வேண்டியிருந்தால், தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசியை எடுக்கவே கூடாது. அதுவே பொட்டாசியத்தை ஏற்றும். இந்த நோயாளிக்கு இதயம் நின்றுபோகலாம். அதற்குப் பதில் ரோக்குரோனியம் இருக்கிறது.

கால்சியம் குறைவாக இருந்தால்

அறிக்கையில் கால்சியம் 6.8 என்று சிவப்பில் நிற்கும். கை பரபரக்கும், கொடுத்துவிடலாம் என்று. வலிப்பு, கை இழுப்பு, ஈசிஜி மாற்றம், கடும் பொட்டாசியம் இவற்றில் ஒன்று இல்லை என்றால் கொடுக்க வேண்டாம். கொடுப்பது அடிபட்ட தசையில்தான் போய்ப் படியும். பத்து, பதினைந்து நாள் கழித்து அந்தத் தசை ஆறும்போது படிந்தது அத்தனையும் திரும்ப ரத்தத்துக்கு வந்து, கால்சியம் அபாயமாக ஏறும். முதலில் குறைவு, தேறும்போது அதிகம் என்பது இந்தச் சிறுநீரகப் பழுதுக்கே உரிய போக்கு. அதனால் கால்சியம் கலந்த பாஸ்பேட் பிடிப்பான்களும் வைட்டமின் டியும் ஒதுக்கப்பட வேண்டியவை. பாஸ்பேட்டுக்கு மருந்து தேவைப்பட்டால் செவலமர் தரலாம்.

காரணத்துக்கான மருந்துகள்

தசை இன்னும் உடைந்துகொண்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் போதாது. மயக்க மருந்துக்குப் பின் வரும் வீரியமிக்க உடற்சூட்டுக்கு (மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா) டான்ட்ரோலின் கிலோவுக்கு 2.5 மி.கி., அடங்கும்வரை திரும்பத் திரும்ப. பழைய வகைக் குப்பி ஒன்றில் 20 மி.கி.தான். ஒவ்வொன்றையும் 60 மி.லி. ஊசிக்கான தூய நீரில் கரைக்க வேண்டும், சலைனில் கரையாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணைக்கே 9 குப்பி, 540 மி.லி. ஒருவர் மட்டும் கரைத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். இரண்டு, மூன்று பேரை இதற்கென்றே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு குப்பியிலும் 3 கிராம் மானிட்டால் இருக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வெரபமில் போன்ற மருந்தோடு சேர்த்தால் பொட்டாசியம் எகிறும்.

மனநோய் மருந்துகளால் வரும் நியூரோலெப்டிக் சின்ட்ரோமில் அந்த மருந்தை நிறுத்துவதே முதல் மருந்து. கடுமையாக இருந்தால் புரோமோகிரிப்டின் 2.5 மி.கி. நாளுக்கு இரண்டு, மூன்று வேளை. செரட்டோனின் மிகையில் சைப்ரோஹெப்டடின் 12 மி.கி., பிறகு இரண்டு மணிக்கொரு முறை 2 மி.கி. வலிப்புக்கும் போதைப்பொருளால் வரும் கட்டுக்கடங்காத ஆவேசத்துக்கும் லோராசெபாம், டயாசெபாம் வகை. கட்டிலில் கட்டிப்போட்டால் கட்டை எதிர்த்துத் திமிறியே தசை இன்னும் உடையும். வெப்பத் தாக்கில் பாரசிட்டமால் சூட்டைத் தணிக்காது. ஐஸ் நீரில் உடம்பைக் குளிரவைப்பதுதான் சிகிச்சை. பாம்புக் கடியில் விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காலோ கையோ கல்லாக இறுகி, விரலை நீட்டினாலே அலறும் வலி இருந்தால் அதற்கு மருந்து கிடையாது. உள் அழுத்தத்தை அளந்து, தசை உறையைக் கீறிவிடும் அறுவைக்குச் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்டாட்டின் என்றால் உடனே நிறுத்துவதோடு, அதைத் தூண்டியது எது என்று தேட வேண்டும். கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல், சைக்ளோஸ்போரின், ஜெம்ஃபைப்ரோசில், ஃபியூசிடிக் அமிலம் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். செரிவாஸ்டாட்டின் என்ற மாத்திரை இந்தக் காரணத்தாலேயே 2001-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மாத்திரையை நிறுத்தி வாரங்கள் ஆகியும் சிகே இறங்காமல், தோளும் தொடையும் பலவீனமாகவே இருந்தால், ஸ்டாட்டின் குறிவைக்கும் நொதிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேட வேண்டும். அங்கே ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் வேண்டும். மற்றபடி வழக்கமான தசைச் சிதைவில் ஸ்டீராய்டுக்கு வேலை இல்லை.

கொடுக்கக் கூடாதவை

இந்த நோயாளிகள் வலியில் இருப்பார்கள்; டைக்ளோஃபெனாக் ஊசிதான் முதலில் கைக்கு வரும். சுருங்கிக் கிடக்கும் சிறுநீரக ரத்தக் குழாயை இன்னும் இறுக்கும் ஊசி அது. பாரசிட்டமால், போதாவிட்டால் ஃபென்டனில். மார்ஃபினின் சிதைவுப் பொருள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தேங்கினால் மூச்சை அடக்கும். காபாபென்டின், பிரிகாபாலின் தேங்கினால் ஆளைச் சுயநினைவு இல்லாமல் ஆக்கும். காயத்துக்காக ஜென்டமைசின், அமிகாசின் வேண்டாம், வேறு வழி இருக்கிறது. ஏசிஇ தடுப்பான்கள், ஏஆர்பி வகை ரத்த அழுத்த மாத்திரைகள், ஸ்பைரனோலாக்டோன், மெட்ஃபார்மின் ஆகியவற்றை முதல் நாளே நிறுத்த வேண்டும். பென்சிலின் ஜி பொட்டாசியம் 10 லட்சம் யூனிட்டில் 1.7 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் உண்டு. நாள்பட்ட ரத்தப் பையிலும் பொட்டாசியம் கசிந்திருக்கும். முடிந்தவரை புதிய ரத்தம் கேட்க வேண்டும். கால் சிரையில் ரத்தம் உறைவதைத் தடுக்க, சிறுநீரகம் நின்றவருக்கு எனாக்ஸபாரினைவிட 5000 யூனிட் சாதாரண ஹெப்பரின் பாதுகாப்பானது; காயத்தில் ரத்தக்கசிவு இருந்தால் அதுவும் பிறகு.

கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது, அன்றைய எண்ணை வைத்துச் சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிட்டு மருந்து அளவு முடிவு செய்யக் கூடாது. 3 என்று காட்டினாலும் அந்த நேரத்துக்கு வடிகட்டல் ஏறத்தாழ பூஜ்யமாக இருக்கலாம். சிறுநீரே வராதவருக்கு வடிகட்டல் நிமிடத்துக்கு 10 மி.லி.க்குக் கீழே என்று எடுத்துக்கொண்டு அளவிட வேண்டும்.

வைட்டமின் சி, ஈ, அசிட்டைல்சிஸ்டைன், டெஸ்ஃபெரியாக்சமின் போன்றவை இரும்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்ற எண்ணத்தில் முயலப்பட்டவை. மனிதர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவுக்குச் சான்று இல்லை. அந்த வரிசையில் பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. அவற்றைத் தேடும் நேரத்தை மணிநேரச் சிறுநீர் அளவைப் பார்ப்பதில் செலவிடலாம்.

டயாலிசிஸ், பிறகு

சிகே ஒரு லட்சம் என்பதற்காக மட்டும் டயாலிசிஸ் செய்வதில்லை. அடங்காத பொட்டாசியம், 7.1-க்குக் கீழே போன பிஹெச், நுரையீரலில் நீர், யூரியாவால் வரும் மனக்குழப்பம் அல்லது இதய உறை அழற்சி ஆகியவைதான் காரணங்கள். மயோகுளோபினை எடுத்துவிடலாம் என்று முன்கூட்டியே டயாலிசிஸ் செய்வதில் பலன் நிரூபணம் ஆகவில்லை. சாதாரண வடிகட்டி அதை அவ்வளவாகப் பிடிக்காது. பொட்டாசியத்தை வேகமாக எடுக்க வழக்கமான ஹீமோடயாலிசிஸ் நல்லது. வயிற்று வழி டயாலிசிஸ் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. முதல் இரண்டு நாளில் ஒரே நாளில் இரண்டு முறைகூடத் தேவைப்படலாம், ஏனெனில் தசை கசிந்துகொண்டே இருக்கும். புதுக் காயம் உள்ளவருக்கு ஹெப்பரின் இல்லாமல் ஓட்ட வேண்டும்.

யாருக்குத் தேவைப்படும் என்று முன்பே ஊகிக்க, மெக்மஹோன் மதிப்பெண் 2013-இலிருந்து இருக்கிறது. வயது, பாலினம், முதல் கிரியேட்டினின், கால்சியம், பாஸ்பேட், பைகார்பனேட், சிகே, காரணம் ஆகியவற்றைக் கூட்டுவது. 5-க்குக் கீழே என்றால் டயாலிசிஸ் அல்லது மரணத்துக்கான வாய்ப்பு 3 சதவீதத்தை ஒட்டி, 10-க்கு மேல் என்றால் பாதிக்கும் அதிகம். 6 வந்துவிட்டால், டயாலிசிஸ் வசதி இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிட வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் சில வாரங்களில் திரும்பும். திரும்பும்போது நாளுக்கு 3, 4 லிட்டர் சிறுநீர் போகும். இப்போது நீரையும் பொட்டாசியத்தையும் ஈடுகட்டாவிட்டால் நேரெதிர்த் தொல்லை வரும். நிறுத்திய ரத்த அழுத்த மாத்திரைகள் கிரியேட்டினின் நிலைத்த பிறகு, பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக. ஸ்டாட்டின் தேவையே உள்ளவருக்கு, சிகே முழுக்க இறங்கி வலியும் பலவீனமும் போன பிறகு, தூண்டிய மருந்தை விலக்கிவிட்டு வேறு ஸ்டாட்டின் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரத்தில் சிகே பார்க்கலாம். முதல் தாக்குதல் டயாலிசிஸ் வரை கொண்டுபோயிருந்தால் அந்தக் குடும்ப மருந்தே வேண்டாம், எசிடிமைப் போன்ற வேறு வகைக்குப் போய்விடலாம்.